செங்கலடிக்கு மேற்கே விருந்தினர் வருவாரோ?

பேராதனையிற் புறப்பட்டுப் பதுளை வழியாக மலையிறங்கி வரும் நெடுஞ்சாலை, மட்டக்களப்பு - திருகோணமலை வீதியைச் சந்தித்து முடிவுறும் இடமே செங்கலடி. மட்டக்களப்பு நகருக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவில் அஃது அமைந்துள்ளது. மலைநாட்டிலிருந்து பாசிக்குடாக் கடலில் நீராட வரும் உல்லாசப் பிரயாணிகள் இச்சந்தியில் தேநீர் அருந்திவிட்டு வடக்கு நோக்கி விரைந்துவிடுகின்றனர். தாம் கடந்து வந்த நிலத்தின் சிறப்பை அவர்கள் அறிவதில்லை.

அந்நிலம் பட்டிகளின் நாடு. மாரி மழையோடு பெரும்போக வேளாண்மை தொடங்கியதும், பயிருக்கு ஊறு நேராவண்ணம் மாடுகளை மேற்கேயுள்ள மாதவணை, மயிலத்தமடு முதலிய மேய்ச்சற்றரைகளுக்கு ஓட்டிச் செல்வர். அறுவடை முடிந்தபின் அவை வயல்வெளிக்குத் திரும்பி அரிதாளை மேயும். வயலுக்கு எருவும் பட்டிக்கு உணவும் ஒருங்கே கிடைக்கும் இவ்வாண்டுச் சுற்று, நம் முன்னோர் கண்ட நல்லதோர் ஏற்பாடாகும்.

பட்டி வைத்திருக்கும் குடும்பமொன்று தன் வளவில் இரண்டொரு அறைகளை ஒதுக்கி விருந்தினரை வரவேற்குமாயின், அவர்களுக்குக் காட்டுவதற்கு யாது உண்டு? விடியற்காலையில் கன்றுகள் கதறப் பால் கறப்பதைக் காட்டலாம். மாடுகளின் காலடியிற் கிளம்பும் பூச்சிகளைக் கொத்தியவாறு உண்ணிக்கொக்குகள் பின்தொடர்வதைக் காட்டலாம். மேற்கே 534 மீற்றர் உயரத்தில் நிமிர்ந்து நிற்கும் குடும்பிமலையைக் காட்டலாம். எருமைப்பாலைக் காய்ச்சி, இளஞ்சூட்டில் உறையிட்டு, மட்சட்டியில் ஊற்றி வைக்கும் பக்குவத்தை இல்லத்தரசியே கற்பிக்கலாம். மறுநாட் காலையில் அத்தயிரோடு தேன் கலந்து உண்ணும்போது, பாலைப் பால்மாப் பொதியில் மட்டுமே கண்ட நகரத்துச் சிறுவர் அடையும் வியப்பு எத்தகையதாயிருக்கும்!

ஆயினும், இயற்கை அழகு ஒன்றினாலேயே விருந்தினர் வந்துவிடுவர் என எண்ணலாகாது. தூய குடிநீர், சுத்தமான மலசலகூடம், நுளம்புவலையோடு கூடிய படுக்கை ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. உள்ளதை உள்ளவாறு முன்கூட்டியே அறிவித்தலும் வேண்டும். மாரிகாலத்தில் பாதைகள் நீரில் மூழ்கக்கூடும். அக்காலத்தில் பட்டி தொலைவிற் போயிருக்கும். காட்டோரங்களில் யானைகள் நடமாடுவதால், பொழுது சாய்ந்தபின் எவரும் தனியே வெளிச்செல்லலாகாது. இவற்றை மறையாது கூறும் வீட்டையே குடும்பத்தினர் நம்பி நாடுவர். ஒருமுறை வந்தோர் மற்றோரையும் அழைத்து வருவர்.

இத்தாலி நாடு 1985ஆம் ஆண்டில் இத்தகைய பண்ணைவீட்டு விருந்தோம்பலுக்கென ஒரு சட்டம் இயற்றியது. பண்ணைத் தொழிலே முதன்மையாயிருத்தல் வேண்டும், விருந்தினரால் வரும் வருவாய் அதற்குத் துணையாகவே இருத்தல் வேண்டும் என்பது அதன் அடிப்படை. நமக்கும் அது பொருந்தும். மேய்ச்சல் நிலத்தை அழித்து அதன்மீது மாளிகை எழுப்பினால், விருந்தினர் காண வந்த பொருளே இல்லாமற் போய்விடும்.

அந்நிலத்துக்கு ஏற்கனவே இடர் நேர்ந்துள்ளது. மாதவணை, மயிலத்தமடு மேய்ச்சற்றரைகளிற் பிறர் புகுந்து பயிரிடுவதைத் தடுக்குமாறு கோரி, 2023 செப்டெம்பரிற் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். புல்வெளி இன்றிப் பட்டி இல்லை. பட்டி இன்றித் தயிரும் இல்லை, விருந்தும் இல்லை. 2009இல் ஓய்ந்த போரினால் நலிவுற்ற இப்பகுதியிலிருந்து இளைஞரும் பெண்களும் வேலை தேடி மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்றவண்ணம் உள்ளனர். பட்டித் தொழிலோடு மற்றுமொரு சிறுவருவாய் சேருமாயின், அவர்களிற் சிலரேனும் சொந்த மண்ணில் தங்குவர். நிலத்தைக் காக்கும் கைகளும் பெருகும்.

அயலில் வந்தாறுமூலையில் 1986 முதல் கிழக்குப் பல்கலைக்கழகம் விளங்குகின்றது. அதன் மாணவர்கள் பறவைகளையும் புல்வகைகளையும் பதிவு செய்து பட்டிக் குடும்பங்களுக்கு உதவலாம். நாமும் அடுத்த விடுமுறையிற் கடற்கரைக்குச் செல்லும் வழியில், செங்கலடிச் சந்தியில் ஒரு நாளேனும் தங்கி மேற்கே நோக்குவோமாக. ஒரு சட்டித் தயிரை அதன் உரிமையாளரிடமே விலை கொடுத்து வாங்குவதும் இந்நிலத்துக்கு நாம் செய்யும் தொண்டேயாகும்.