பாட்டன் நாடா

வணிக நிறுவனங்கள் தம் கணனிப் பதிவுகளைக் காந்த நாடாக்களிற் பிரதிசெய்து காப்பதற்கு நெடுங்காலமாகப் பின்பற்றும் முறையொன்றுக்குப் பாட்டன், தந்தை, மகன் என்று பெயர். நாள்தோறும் எழுதப்படுவது மகன். வாரந்தோறும் எழுதப்படுவது தந்தை. மாதந்தோறும் எழுதப்படுவது பாட்டன். மகன் நாடாவில் அடுத்த வாரமும், தந்தை நாடாவில் அடுத்த மாதமும் பழையதன்மேற் புதியது எழுதப்படும். நாடா விலையுள்ள பொருள். ஆதலின் இச்சிக்கனம் குற்றமன்று.

ஆனால், கணக்கேட்டிற் புகுந்த பிழை புகுந்த அன்றே வெளிப்படுவதில்லை. வாடிக்கையாளர் ஒருவரின் நிலுவை தவறுதலாக நீங்கிவிட்டது எனக் கொள்வோம். ஆறு வாரங்களின் பின்னரே அது தெரியவருமாயின், மகன் நாடாக்கள் யாவும் அப்பிழையையே சுமந்து நிற்கும். தந்தையர் நிலையும் அதுவே. பிழைக்கு முந்திய பாட்டன் ஒருவரே சாட்சி. குடும்பங்களிலும் பழங்கணக்கு அறிந்தவர் பாட்டனாரே அன்றோ! அவரையும் அழித்துவிட்ட நிறுவனம் யாரிடம் சென்று கேட்கும்?

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. மனிதன் சந்திரனிற் கால்பதித்த 1969 யூலைக் காட்சிகள், உலகம் தொலைக்காட்சியிற் கண்டதினும் தெளிவாகத் தரவு நாடாக்களிற் பதிவாகியிருந்தன. அவற்றைத் தேடிக் களைத்த நாசா, அவை அழிக்கப்பட்டு வேறு தரவுகளுக்குப் பயன்பட்டிருக்க வேண்டும் என 2009இல் அறிவித்தது. ஒளிபரப்பின் பிரதிகள் எஞ்சியமை நற்பேறே.

வணிகத்தில் அத்தகைய நற்பேற்றை எதிர்பார்த்தல் இயலாது. அழிக்கும் உரிமையை நாடா அறை ஊழியரிடம் மட்டும் விடாது, கணக்காளரின் ஒப்பமும் பதிவேட்டில் இருத்தல் வேண்டும்; ஆண்டுக் கணக்காய்வு முடியும்வரை பாட்டன் நாடாவில் எவரும் கைவைத்தலாகாது.