யார் வீட்டு அலமாரி?

அச்சுப் புத்தகம் நல்லதா, மின்புத்தகம் நல்லதா என்றொரு விவாதம் இலக்கியக் கூட்டங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. புத்தகத்தின் வாசனை, பக்கம் புரட்டும் சுகம், தாத்தா சேர்த்து வைத்த அலமாரி என்று உருகுகிறார்கள். எங்க தாத்தாவுக்குக் கைநாட்டு வைக்கத்தான் தெரியும். அலமாரி என்கிற சாமானே எங்க வீட்டில் இருந்ததில்லை. இரண்டும் கைவசம் உள்ளவர்களுக்குத்தான் எது சுகம் என்ற கேள்வி வரும். நமக்கு இருக்கிற கேள்விகள் வேறு. புத்தகத்தை யார் கொடுக்கிறார்கள்? கொடுத்ததை யார் பிடுங்க முடியும்? நாம் எழுதியதை யார் காப்பாற்றுவார்கள்?

சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்துவிட்டது. சட்டப்படி நூலகம் எல்லோருக்கும் பொது. ஆனால் எங்கள் பக்கத்து நூலகம் இருந்ததென்னவோ ஊர்த்தெருவில். காலனியிலிருந்து போகிற பிள்ளையிடம் முதல் கேள்வி, 'எந்தத் தெரு நீ?' என்பதுதான். உறுப்பினர் அட்டை கேட்டால் 'அப்புறம் வா'. எத்தனை அப்புறம்! நின்றுகொண்டே பேப்பர் படித்துவிட்டு வருவோம். எங்களுக்குத் தெரிந்த புத்தக வாசனை பழைய பேப்பர் கடை வாசனைதான். எடைக்கு வந்த பாடப்புத்தகத்தில் வேறொருத்தன் பெயரை அடித்துவிட்டு நம் பெயரை எழுதிக்கொள்வோம்.

செல்போன் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. இதைச் சின்ன விஷயமென்று யாரும் ஒதுக்க வேண்டாம். 1936இல் லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டல் தான் அழைத்த மாநாட்டையே ரத்து செய்தது. பேச விடாத உரையை அம்பேத்கர் சொந்தச் செலவில் 1500 படிகள் அச்சிட்டார். அந்த 'சாதி ஒழிப்பு' உரை இன்று கொலம்பியா பல்கலைக்கழக இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. மகாராஷ்டிர அரசு 1979 முதல் வெளியிட்ட அவருடைய ஆங்கிலத் தொகுதிகளும் இணையத்தில் கிடைக்கின்றன. எங்கள் இரவுப் பள்ளிக்கு வரும் பெண்ணொருத்தி அந்தத் தொகுதிகளைப் போனில் வைத்திருக்கிறாள். அவளுக்கு எந்த நூலகரும் தயவு காட்ட வேண்டியதில்லை.

ஆனால் போன் நம்முடையது, அதற்குள் இருக்கிற புத்தகம் நம்முடையதா? 2009இல் அமேசான் கம்பெனி, தான் விற்ற ஆர்வெல்லின் '1984' நாவலின் ஒரு பதிப்பை வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து அவர்களைக் கேட்காமலே அழித்தது. பதிப்புரிமைச் சிக்கல் என்றது. பணத்தையும் திருப்பிக் கொடுத்தது. அது வேறு. விற்றவன் நம் வீட்டுக்குள் கைவிட்டு எடுத்துப்போக முடியும் என்பது தெரிந்துபோயிற்று. 2018 மே மாதம் தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு மூன்று மாவட்டங்களில் அரசு இணையத்தையே நிறுத்தியது. நாம் அச்சடித்துக் கையில் கொடுத்த துண்டறிக்கையை அப்படி ஒரே உத்தரவில் நிறுத்திவிட முடியாது. 2020இல் பள்ளிகளை மூடியபோது என்ன நடந்தது? வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ரீசார்ஜ் முடிந்தால் படிப்பும் முடிந்தது.

அதற்காகக் காகிதத்தைக் கும்பிடவும் முடியாது. ஒழுகுகிற கூரைக்குக் கீழே காகிதம் எத்தனை மழைக்குத் தாங்கும்? 2012 நவம்பர் 7ஆம் தேதி தர்மபுரியில் நத்தம் காலனியையும் பக்கத்துக் காலனிகளையும் கொளுத்தினார்கள். ஒரு வீடு எரிந்தால் அதிலிருக்கும் பாடப்புத்தகமும் சான்றிதழும் சேர்ந்துதான் எரியும்.

நான் எம்.ஏ. தமிழ் படித்த இரண்டு வருஷத்தில் அயோத்திதாசர் பெயரை எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. 1907 ஜூன் 19இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, 1914இல் சாகும்வரை நடத்தியவர் அவர். அவ்வளவு எழுத்தும் எங்கே போயிற்று? கோலார் தங்கவயலில் நம் மக்கள் சிலவற்றை நூல்களாக அச்சிட்டார்கள். அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைத் தேடிச் சேர்த்துப் பாதுகாத்தார்கள். ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999இல்தான் வந்தது. இடையில் 85 வருஷம். யாரோ சிலர் வீட்டில் கறையான் அரிக்காமல் இருந்ததால்தான் அவர் நமக்குக் கிடைத்தார். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தொடங்கிய 'பறையன்' இதழுக்கு அந்த யோகம் அமையவில்லை. அதன் முழுத் தொகுப்பு நம் கையில் இல்லை. காகிதத்தில் தப்பாதது திரையில் எப்படி வரும்?

படிக்கிற விதத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். போனில் படிக்கிறவர் தனியாகக் குனிந்து படிக்கிறார். எங்கள் இரவுப் பள்ளியில் அம்பேத்கரின் ஒரு சிறு வெளியீடு இருக்கிறது. அட்டை போய்விட்டது, மூலையெல்லாம் மஞ்சள் கறை. ஒருவர் வாசிப்பார், பதினைந்து பேர் கேட்பார்கள். களையெடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் எங்கம்மா, 'அந்த எடத்த இன்னொருவாட்டி படி' என்பார். எழுத்துத் தெரியாதவர்களுக்கும் அது அவர்களுடைய புத்தகம். இப்போது அந்தப் பெண் போனிலிருந்து வாசித்தாலும் அம்மா அதையேதான் சொல்கிறார். கூடி உட்காருகிற பழக்கம் இருந்தால் இரண்டும் ஒன்றுதான். அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டால் இரண்டாலும் பிரயோசனம் இல்லை.

ஆகவே தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். தொண்ணூறுகளில் நம்மவர்கள் நடத்திய சிற்றிதழ்கள், மாநாட்டு மலர்கள், உண்மையறியும் குழு அறிக்கைகள், துண்டறிக்கைகள் யார் யாருடைய டிரங்குப் பெட்டியிலோ கிடக்கின்றன. நடத்தியவர்களில் பலர் இன்று இல்லை. அவர்கள் பிள்ளைகள் வீடு மாறும்போது எடைக்குப் போட்டுவிடுவார்கள். அதற்கு முன்னால் போய்க் கேளுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனிலாவது படமெடுங்கள். படத்தை ஒரே இடத்தில் வைக்காமல் நாலு பேரிடம் கொடுத்து வையுங்கள். படமெடுத்தாயிற்றே என்று காகிதத்தை வீசிவிடாதீர்கள். பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, ஒழுகாத வீடு யாருடையதோ அங்கே வையுங்கள். அந்த வீட்டில் அலமாரி இல்லாவிட்டால் பரணிலாவது வையுங்கள்.