அம்மா சொன்ன நீலம்

அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு பல வருஷமாக தார்ப்பாய்க்குள் தூங்கிக்கிட்டிருந்தது. இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டு. 1961லிருந்து மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தயாரித்தது. அதே சேஸை வச்சுத்தான் 1962ல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. ஆக, நம்ம வண்டி அதுக்கு அண்ணன் முறை :-)

சூரமங்கலம் பட்டறையில் பெயிண்டர், "மொத்தமா சுரண்டிட்டு மெட்டாலிக் அடிச்சிரலாம் சார், பளபளன்னு இருக்கும்" என்றார். எனக்கோ பழைய நிறம்தான் வேணும். வெள்ளைதானே? அம்மா மட்டும், "வாங்கினப்ப நீலம்டா" என்பாங்க. வயசாச்சு, மறந்துட்டாங்கன்னு நினைச்சேன்.

டிக்கி ரப்பரை உரித்தால்... வெளிர் நீலம்! வெயிலே படாததால் வெளுக்காம இருந்தது. மெழுகு போட்டுத் துடைச்சு, அதைப் பார்த்துத்தான் நிறம் கலக்கினோம்.

ஹெட்லைட் வளையங்களுக்கு முதலில் நிக்கல், அதன்மேல் குரோம் முலாம். ஒண்ணில் மட்டும் அப்பா கேட்டில் இடிச்ச நெளிவு. அதை எடுக்க வேண்டாம்னுட்டேன்.

ரப்பருக்கு அடியில் ஒரு விரல் அகலத்துக்குப் பழைய பெயிண்டை அப்படியே விட்டிருக்கோம். நாளைக்கு என் பையன் என்னை நம்பலேன்னா, உரிச்சுப் பார்த்துக்கட்டும்.