படிக்காத பத்திரம்

'வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும்' என்னும் பழமொழியின் பொருளை ஆண்டுதோறும் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் கேட்பேன். அவர்கள் பிழையின்றிச் சொல்வார்கள். பிழை செய்தவன் நான்தான்.

2021ஆம் ஆண்டின் நடுப்பகுதி. பள்ளி வேன் ஓட்டும் என் பழைய மாணவர் ஒருவர் யோசனை கேட்டு வந்தார். பெருந்தொற்றால் பள்ளிகள் அடைபட்டு அவர் வருமானம் குன்றியிருந்த காலம் அது.

"ஐயா, வேன் காப்புறுதியைப் புதுப்பிக்க வேண்டும். வெள்ளத்திற்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். அவசியமா?"

"புயலும் வெள்ளமும் கிழக்குக் கரைக்கு உரியவை. சிலாங்கூரில் நமக்கு எதற்கப்பா?" என்றேன். தலைமையாசிரியர் சொல்லே அவருக்கு முடிவாயிற்று.

அவ்வாண்டு டிசம்பரில் தென்சீனக் கடலில் உருவான தாழ்வழுத்தம் தீபகற்பத்திற்குள் புகுந்தது. ஓயாத மழையில், 18ஆம் நாள் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா நீரில் மூழ்கியது. அங்கே அவர் வீட்டு வாசலில் நின்ற வேனும் மூழ்கியது.

நீர் வடிந்தபின் அவருடன் சென்றேன். நீர் புகுந்த இயந்திரத்தை முடுக்கினால் சேதம் பெருகும் என்பதால் வேனை இயக்கிப் பார்க்கவில்லை. நிழற்படங்கள் எடுத்தோம், காவல் நிலையத்தில் புகார் செய்தோம், காப்புறுதி நிறுவனத்திற்கும் தெரிவித்தோம். எனினும், முழுமைக் காப்புறுதி என்று பெயர் பெற்றிருந்தாலும், தனிக் கட்டணம் செலுத்திச் சேர்த்தாலன்றி வெள்ளச் சேதத்திற்கு இழப்பீடு இல்லை. பத்திரத்தில் அது தெளிவாகவே அச்சிடப்பட்டிருந்தது. நான்தான் அதைப் படிக்காமல் யோசனை சொன்னவன்.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பரவாயில்லை ஐயா" என்றார். அச்சொல் இன்றும் என்னைச் சுடுகிறது.

அன்றிரவு, வீட்டுக் கடனுக்காக நான் எடுத்திருந்த தீக்காப்புறுதிப் பத்திரத்தை முதன்முறையாக முழுதும் படித்தேன். தீ, மின்னல் முதலியவற்றிற்கே அதில் இடமிருந்தது, வெள்ளத்திற்கு இல்லை. என் வீடு தப்பியது மேட்டுநிலத்தால், என் அறிவால் அன்று.

அவ்வெள்ளங்களால் நாட்டுக்கு நேர்ந்த இழப்பு 610 கோடி ரிங்கிட் எனப் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. எனக்கோ அந்த ஒரு வேனின் இழப்பே கண்முன் நிற்கிறது.

ஆசிரியப் பெருமக்களே! தேர்வு மண்டபத்தில், 'வினாவை இருமுறை படி' என்று மாணவர்க்கு அறிவுறுத்துகிறோம். பெற்றோர் பலர் நம் சொல்லை நம்பிப் பணத்தைக் கட்டுகிறார்கள், அல்லது கட்டாமல் விடுகிறார்கள். ஆதலால், மழைக்காலத்திற்கு முன் பெற்றோர் கூட்டத்தில் பத்திரங்களைக் கொண்டுவரச் சொல்லி, வெள்ளம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று அவர்களோடு அமர்ந்து பார்க்கிறேன். பத்திரங்களை நீர் புகாத உறையிலிட்டு உயரத்தில் வைக்கவும், வீட்டுப் பொருள்களை முன்கூட்டியே படமெடுத்து வைக்கவும் சொல்கிறேன்.

முதல் கூட்டத்தில் முன்வரிசையில் வந்து அமர்ந்தவர் அந்தப் பழைய மாணவர்தான்.