திரைப்பட்டியும் வீட்டுப் பெரியோரும்

படம் பார்க்க வேண்டுமாயின் கொட்டகைக்குச் செல்ல வேண்டும் என்ற காலம் போய், படமும் பாட்டும் நம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டன. அவற்றைத் திறந்து காட்டும் மென்பொருள்களும் பலவாகிவிட்டன. ஆயினும் படத்துக்கு முன்னே ஒரு வாயில் நிற்கின்றது. அதுவே திரையில் விரியும் பட்டி. மெனு என்று வழங்குவர். சிற்றுண்டி விடுதியில் மேசைமேல் வைக்கும் அட்டைக்கும் அதே பெயர்தான். ஆனால் விடுதி அட்டையில் தேடியது அகப்படாவிட்டால் பரிமாறுபவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம். திரையிலோ கேட்பதற்கு ஆள் இல்லை. வாயிலைக் கடக்க அறியாதவர்க்கு உள்ளே ஆயிரம் படம் இருந்தும் என்ன பயன்?

யாம் கணிப்பொறி கற்றவரல்லோம். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்து ரயில்வேயில் எழுத்தராய் இருப்பவர். எனினும் நாள்தோறும் ஒரு திரையின் முன்னமர்ந்து பிழைப்பு நடத்துகின்றமையாலும், வீட்டில் ஒரு முதியவரை வைத்துக்கொண்டு இப்பட்டிகளோடு போராடியமையாலும், சங்க அன்பர்களுக்குச் சில சொல்லலாமென்று துணிந்தோம்.

ஆரியசாலையிலும் சாலைக் கடைத்தெருவை ஒட்டிய சந்துகளிலும் உள்ள நம்மவர் இல்லங்களில், ஒரே கூரையின் கீழ் மூன்று எழுத்துகள் வழங்குகின்றன. நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து வந்த பெரியோர் தமிழ் ஒன்றே வாசிப்பர். பிள்ளைகள் மலையாளத்தையும் ஆங்கிலத்தையும் கடகடவென்று படிப்பர். தமிழை எழுத்துக் கூட்டியே படிப்பர். தம்பானூர் நிலையத்துப் பெயர்ப்பலகை மலையாளம், இந்தி, ஆங்கிலம் ஆகிய மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தாங்கி நிற்கும். திரைப்பட்டியோ ஒரு நேரத்தில் ஒரு மொழிதான் பேசும். அது யாருடைய மொழியாக இருப்பது? இவ்வழக்கு எம் வீட்டில் வந்தது ஒரு வில்லுப்பாட்டினால்.

எம் தந்தையார் வில்லுப்பாட்டுக் குழுவொன்றில் குடம் அடித்தவர். அவர் காலமான பின், ஊர்க் கோயில் கொடையில் எடுத்த பழைய படச்சுருள் நாடா ஒன்று உறவினர் வீட்டில் அகப்பட்டது. அதைக் கணிப்பொறிக் கோப்பாக மாற்றிக் கொண்டுவந்தோம். முக்கால் மணி நேரம் ஓடும். அதில் தந்தையார் பாடுவதில்லை. குடத்தின்மீது குனிந்து, இடையிடையே தலைநிமிர்ந்து சிரிக்கின்றார், அவ்வளவே. எம் அன்னையார்க்கு அது போதும். பகலில் யாம் பணிக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போனபின், வீடு அடங்கிய வேளையில் அதைப் பார்க்க வேண்டுமென்பது அவர் ஆசை. கூடத்துத் தொலைக்காட்சிப் பெட்டியிலோ (எந்தக் கம்பெனியினுடையது என்பது இங்கு வேண்டா) பட்டி முழுதும் ஆங்கிலம். முதல் வரிசையில் எப்பொழுதும் விளம்பரம். கோப்பு இருக்குமிடம் சேர்வதற்குப் பதினொரு முறை பொத்தானை அமுக்க வேண்டும். யாமே எண்ணிப் பார்த்தோம். ஆறாவது அமுக்கலில் அன்னையார் வேறெங்கோ போய்விடுவார். ஒரு நாள் மாலை, “மக்கா, ஒங்க அப்பாவப் பாக்கணும்னா பிள்ளைய பள்ளிக்கூடம் விட்டு வரணுமோ?” என்று கேட்டார். அன்றிரவே இவ்வாராய்ச்சியில் இறங்கினோம்.

முதலில் பலரும் அறிந்த வி.எல்.சி. என்னும் மென்பொருளைச் சொல்லுவோம். பாரிஸ் நகரையடுத்த பொறியியல் கல்லூரி ஒன்றில் 1996-ல் மாணவர் முயற்சியாகத் தோன்றி, 2001-ல் எவரும் எடுத்தாளத்தக்க கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது. சாலையில் வைக்கும் செம்மஞ்சள் கூம்புதான் அதன் சின்னம். எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் முகஞ்சுளியாமல் ஓட்டும். ஆனால் கணிப்பொறியில் அதன் தலைப்புப் பட்டிகள் எட்டு. ஒவ்வொன்றின் கீழும் ஒரு நீண்ட வரிசை. சிலவற்றினுள்ளே மீண்டும் வரிசை. ஒலி மொழியை மாற்ற ஓரிடம், வசன வரிக்கு மற்றோரிடம், அவ்வரியின் எழுத்தைப் பெரிதாக்க முற்றிலும் வேறோர் இடம். அமைப்புப் பக்கத்தில் எளிய காட்சி, முழுக் காட்சி என இரண்டு வைத்திருப்பது நல்ல யோசனை. எளிய காட்சியே பலருக்குப் போதும்.

இதைக் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. பழகினவர்க்கு ஒரு வழி, புதியவர்க்கு ஒரு வழி என்பது எம் தொழிலிலும் உண்டு. திருவனந்தபுரம் என்றால் எமக்கு டி.வி.சி.; நாகர்கோவில் சந்திப்பு என்றால் என்.சி.ஜே. இக்குறிகளை நினைவிலிருந்து தட்டுகின்ற எழுத்தருக்குப் பட்டி தடையே. சாளரத்துக்கு வெளியே நிற்கும் பயணிக்கோ குறி தெரியாது. ஊர்ப்பெயரைக் கண்டால் ‘இதுதான்’ என்பார். நினைவுகூர்தல் கடினம், கண்டறிதல் எளிது. பட்டி என்பதே கண்டறிதலுக்காக ஏற்பட்டது. அதைப் பழகினவரின் வசதிக்காகவே அடுக்கிவிடுவதால்தான் முதியோர் திண்டாடுகின்றனர்.

குறுந்தட்டுக் காலத்தில் இத்துன்பம் இவ்வளவு இல்லை. டி.வி.டி. தட்டொன்றில் எட்டு ஒலி மொழிகளும் முப்பத்திரண்டு வசன வரிகளும் வைக்க இடமிருந்தது. ஆயினும் பட்டி அதே தட்டில் ஒரு படமாக வரையப்பட்டிருக்கும். நான்கைந்து பெரிய சொற்கள். அம்புக்குறிப் பொத்தான் நான்கு, நடுவில் ஒன்று. தொலைவில் சாய்ந்திருந்து பார்ப்பவருக்காக அமைத்தது என்பது பார்த்தவுடன் விளங்கும். கணிப்பொறிப் பட்டியோ ஒன்றரை அடி தூரத்தில் அமர்ந்து, எலிக்குறியால் சுட்டுகின்றவருக்காகப் பிறந்தது. 1954-ல் பிட்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர், ஓர் இலக்கைச் சென்று தொடும் நேரம் அதன் தூரத்தையும் அகலத்தையும் பொறுத்தது என்று அளந்து காட்டினார். தொலையியக்கியை வைத்திருப்பவர்க்கு அத்தூரம் அங்குலக் கணக்கன்று. எத்தனை அமுக்கல் என்ற கணக்கு.

பத்தடி தூரத்துக்கென்றே எழுந்த மென்பொருளும் உண்டு. அதன் பெயர் கோடி. (பெயரைக் கேட்டதும் அன்னையார், “கோடித் துணியா?” என்றார்.) எக்ஸ்பாக்ஸ் என்னும் விளையாட்டுப் பெட்டிக்காக 2002-ல் ஆர்வலர் சிலர் தொடங்கியது, 2014-ல் இப்பெயர் பெற்றது. முகப்புப் பட்டி முன்னர் திரையில் குறுக்காக ஓடிற்று. 2017-ல் வந்த பதினேழாம் பதிப்பில் அதை இடப்புறத்தில் மேலிருந்து கீழாக நிறுத்தினர். இம்மாற்றம் எமக்கு மிகவும் உகந்தது. குறுக்குப் பட்டியில் சில சொற்களே கண்ணுக்குத் தெரியும். நெட்டுப் பட்டியில் பலவற்றை ஒரே பார்வையில் படித்துவிடலாம். தமிழ்ச் சொல் நீளமானது என்பதை எண்ணினால் இதன் அருமை கூடும்.

உள்ளங்கையளவுள்ள ராஸ்பெர்ரி பை என்னும் கணிப்பொறிப் பலகை ஒன்றைத் தொலைக்காட்சியோடு இணைத்துக் கோடியை நிறுவினோம். தொலைக்காட்சியின் தொலையியக்கியே அதற்கும் போதும். பட்டியின் மொழியைத் தமிழாக்கினோம். பின் முகப்பிலிருந்த வானிலை, வானொலி, துணை நிரல் முதலியவற்றை ஒவ்வொன்றாக மறைத்தோம்; அழிக்கவில்லை, மறைத்தோம். மிஞ்சியவை மூன்று. தந்தையாரின் கோப்பை விருப்பப் பகுதியில் சேர்த்து, அதன் சிறுபடமாக அவர் குடத்தோடு அமர்ந்திருக்கும் காட்சியையே வைத்தோம். பதினொரு அமுக்கல் மூன்றாயிற்று. எழுத்தைத் தேட வேண்டியதே இல்லை; முகத்தைக் கண்டு அமுக்குகின்றார். கண் புரைக்கு அறுவை செய்துகொண்டவர் ஆதலின் இது பெரிய உபகாரம். எங்கே திகைத்தாலும் ‘பின்’ பொத்தானை மூன்று முறை அமுக்கினால் வீட்டு வாசலுக்கே வந்துவிடலாம் என்று ஒரு விதியும் சொல்லிக் கொடுத்தோம். முதியோர் அஞ்சுவது வழி தெரியாமையை அன்று. எதையோ கெடுத்துவிட்டோமோ என்பதைத்தான்.

பிள்ளைகள் மட்டும் தமிழ்ப் பட்டியை எதிர்த்து முறையிட்டனர். மூத்தவன் ஒரு மாலையில் அதை ஆங்கிலமாக்கிவிட்டான். மறுநாள் பகலில் அன்னையார் தடுமாறினார். இங்கேதான் பட்டி அமைப்போர்க்கு எம் வேண்டுகோள் ஒன்றுண்டு. மொழிகளின் வரிசையில் ஒவ்வொரு மொழியின் பெயரையும் அம்மொழியின் எழுத்திலேயே பொறிக்க வேண்டும். ‘தமிழ்’ என்று தமிழிலே இருந்தால், பிற எழுத்தறியாதவரும் தம் வீட்டுக்குத் திரும்பி வர வழி பிறக்கும்.

மற்றொன்று சொற்களைப் பற்றியது. ஆங்கிலத்தில் ‘பாஸ்’ என்பது சிறு சொல். ‘இடைநிறுத்து’ என்றால் அதற்கென வகுத்த கட்டத்தில் அடங்காமல் வால் அறுபடும். ‘நிறுத்தி வை’ என்று யாரும் புரிந்துகொள்வர். ‘லைப்ரரி’யை நூலகம் என்று பெயர்த்தால் பாட்டி புத்தகத்தை எதிர்பார்ப்பார். ‘ஆடியோ டிராக்’ என்பதை ஒலித்தடம் என்கின்றனர். தண்டவாளத்தோடு வாழும் எமக்கே அது ஒரு கணம் மயக்கம் தருகின்றது. ‘பேச்சு மொழி’ என்றால் ஆகாதா? எழுத்தின் வடிவமும் கவனிக்கத்தக்கது. ‘கொ’ என்னும் எழுத்தில் ககரத்தின் இருபுறமும் குறிகள் நிற்கும்; கணிப்பொறி அவற்றைக் ககரத்துக்குப் பின் வைத்தே சேமிக்கின்றது. அவற்றை ஒழுங்குபடுத்திக் காட்டும் பொறியமைவு இல்லாத திரையில் எழுத்து சிதறிக் கிடக்கும். தமிழ்ப் பட்டியை ஒரு தமிழர் கண்ணால் பார்த்துச் சரிசெய்தாலன்றி இக்குறை நீங்காது.

பார்ப்பது கடினமுமன்று. வி.எல்.சி., கோடி இரண்டிற்கும் தமிழாக்கம் செய்வோர் தொண்டர்களே. முன்னதன் சொற்கள் டிரான்ஸிபெக்ஸ் என்னும் தளத்திலும், பின்னதன் சொற்கள் வெப்லேட் என்னும் தளத்திலும் திறந்து கிடக்கின்றன. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001-ல் இந்நகரில்தான் தொடங்கப்பெற்றது. கேரளப் பள்ளிகளிலும் நம் பிள்ளைகள் அவ்வகை மென்பொருளிலேயே கணிப்பொறி பயில்கின்றனர். எனவே இப்பணியை அவர்களிடமே கொடுத்தோம். பாட்டி சொல்லச் சொல்லப் பேரன் தட்டுகின்றான். அவனுடைய தமிழ் எழுத்தும் இதனால் சற்றுத் திருந்தி வருகின்றது.

இன்னும் தீராத சொல் ஒன்று உண்டு. பாதியில் நிறுத்திய படத்தை மறுநாள் திறந்தால், விட்ட நிமிடத்திலிருந்து ஓட்டவா, முதலிலிருந்தா என்று திரை கேட்கின்றது. ‘மீள்தொடங்கு’ என்றால் அன்னையார் முதலிலிருந்து என்று கொள்ளுகின்றார். ‘விட்ட இடம்’ என்று வைக்கலாமென்பது பேரனின் கட்சி. ‘மிச்சம்’ என்பது பாட்டியின் கட்சி. தங்கள் இல்லத்துப் பெரியோர் இதற்கு என்ன சொல் சொல்லுகின்றனர் என்று அன்பர்கள் கேட்டு எழுதினால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரையும் உட்கார்த்தி முடிவு செய்வோம்.