கோட்டுக்குள்ளே ஒரு ஜப்பான்காரர்

சுங்கை லாலாங்,
ஞாயிறு இரவு

அடி என் செல்லத் தோழி,

கோலாலம்பூருக்குப் போனதும் எங்களை மறந்துவிட்டாய் என்று சண்டை போடத்தான் உட்கார்ந்தேன். அதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன். முதலில் கோட்டுக் கதையைக் கேள்.

நம் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு இந்த வருடம் இன்னிசை இரவு. பாடுவது, வாசிப்பது எல்லாம் நம் தோட்டத்துப் பிள்ளைகள்தான். ஆறு பேருக்கும் மேடை உடுப்பு வாங்கும் பொறுப்பு என் தலையில். கமிட்டி கொடுத்தது 600 வெள்ளி. பையன்கள் நாலு பேருக்கும் கோட்டுத்தான் வேண்டுமாம். உருமி மேளக்காரர்களே ஒரே நிற ஜிப்பாவில் வந்து இறங்கும்போது நாங்கள் மட்டும் டீ-சட்டையிலா என்று ரோஷம். பெரியப்பா வேறு எண்ணெய் ஊற்றினார்: நாயனம் என்றால் வேட்டிதான் என்றிருந்த நாளிலேயே டி.என்.ராஜரத்தினம் பிள்ளை ஷெர்வானியும் கிராப்புமாக மேடையில் உட்கார்ந்தவராம்.

600 வெள்ளியில் புதுக் கோட்டுக்கு எங்கே போவது? சுங்கைப் பட்டாணியில் ஒரு பண்டல் கடைக்குப் போனோம். ஜப்பானிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கிய பழந்துணி. பூச்சி உருண்டை வாசனை மூக்கைத் துளைக்கிறது, ஆனால் தொட்டுப் பார்த்தால் அசல் கம்பளி. ஒரு கோட்டில் உள்பாக்கெட்டுக்கு மேலே, மஞ்சள் நூலில், ஜப்பான் எழுத்தில் சொந்தக்காரர் பெயர்! பிரித்துவிடலாம் என்றால் கீபோர்டு பையன் விடமாட்டேன் என்கிறான். அந்த மனுஷன் ஆபீசில் கையெழுத்துப் போட்ட கோட்டு, நம் கோயில் வாசலில் குத்துப்பாட்டு வாசிக்கப் போகிறது.

கடைக் கண்ணாடி முன் கையைத் தொங்கவிட்டு நின்றபோது நாலு பேரும் மாப்பிள்ளைகள். ஒத்திகையில் டிரம் பையன் கையைத் தூக்கினானோ இல்லையோ, ‘டர்’. அக்குள் கிழிந்து உள்துணி வெளியே தொங்குகிறது. “இறுக்கமா இருந்தாத்தான் எடுப்பு” என்று கடையில் என்னோடு மல்லுக்கு நின்ற அவன் அம்மா, அப்போது பார்த்து வாழை மரத்தை எண்ணிக்கொண்டிருந்தாள்! தையல்கார அண்ணன் ஜிப்பாவுக்கு வைப்பதுபோல அக்குளில் துண்டு வைத்துத் தைத்தார். புழுக்கத்துக்காக முதுகு உள்துணியையும் பிரித்து எடுத்தார். “நிக்கச் சொல்லிப் பார்த்து வாங்கினீங்களாம்மா? வாசிக்கச் சொல்லிப் பார்க்க வேணாமா?” என்று ஏச்சு வேறு. கம்பளியில் மயங்கிப்போன எனக்கு வேண்டியதுதான்.

அந்தப் புத்தியோடு பெண் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பினாங்கு போனேன். கொமுட்டர் ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து பெர்ரி. குயின் ஸ்ட்ரீட் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுக் கடை கடையாக ஏறினோம். சின்னவள் கண்ணாடி வளையல் வேண்டும் என்றாள். மைக்கைப் பிடித்த கையில் அது கிணுங்கினால் பாட்டை யார் கேட்பது? வேண்டாம் என்றேன். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டாள், ஒரு வடை வாங்கிக் கொடுத்ததும் இறக்கிவிட்டாள். அவளுக்கு மாம்பழ நிறத்தில் மெல்லிய சேலை அமைந்தது.

பெரியவள் பாடப்போவது பக்திப் பாட்டு. எம்.எஸ்.ப்ளூதான் வேண்டும் என்று பிடிவாதம். காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் எம்.எஸ்.சுப்புலட்சுமிக்காக நெய்து கொடுத்த நீலமாச்சே, பட்டில் விலை கேட்டு நாங்கள் மூன்று பேரும் ஒன்றும் பேசாமல் படியிறங்கினோம். நைலானில் அதே நிறம் கிடைத்தது. விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், தார்ப்பாய் மாதிரி மினுங்குகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணன் கல்யாணத்துக்கு நீ கட்டிய நீலப் பட்டு பெட்டியில்தானே தூங்குகிறது? வெள்ளிக்கிழமைக்குள் பஸ்ஸில் போட்டுவிடு. பிளவுஸை அனுப்பாதே, அவள் உன்னில் பாதி.