தீவில் குடியிருக்கலாம், வீடு வாங்க வேண்டுமா?

சிங்கப்பூரின் தெற்குக் கரையை ஒட்டிய செந்தோசா தீவின் கிழக்கு முனையில், கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் இருக்கிறது செந்தோசா கோவ் குடியிருப்பு. 2003-இல் அங்கே மனை விற்பனை தொடங்கியது. கால்வாய் ஓரத்துத் தனி வீடுகள், சில வீடுகளுக்குக் கொல்லைப்புறத்திலேயே படகு கட்டும் துறை, கடலைப் பார்த்தபடி அடுக்குமாடிகள் என்று பணக்காரர்களை மனத்தில் வைத்துத் திட்டமிட்ட இடம் அது. சிங்கப்பூரில் வெளிநாட்டவர் தரை வீடு வாங்குவதை 1973 முதலே சட்டம் கட்டுப்படுத்தி வருகிறது. நிரந்தரவாசம்கூடப் பெறாத ஒருவருக்கு அந்தக் கதவு ஓரளவு திறந்திருப்பது இந்த ஒரு முனையில்தான். கதவு திறந்திருக்கிறது என்பதாலேயே, கையில் காசுள்ளவர்கள் அதை நல்ல வாய்ப்பு என்று எண்ணிவிடுகிறார்கள். அங்கே குடியிருப்பது நல்ல வாழ்க்கைதான்; ஆனால் வெளிநாட்டவர் ஒருவர் அங்கே வீடு வாங்குவது பெரும்பாலும் தவறான முடிவு என்பது என் கருத்து. அந்தத் தீவு தரும் சுகம் அத்தனையும் வாடகைக்கு இருப்பவருக்கும் கிடைக்கிறது. வாங்கியவர் அதற்கு மேல் சுமப்பது அரசின் கொள்கை எப்போது எப்படித் திரும்பும் என்ற கவலையை.

குடியிருப்பதன் நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. நெருக்கமான நகரத்தில் அவ்வளவு அமைதி கிடைப்பது அரிது. கார் இருந்தால் நகரின் மையத்துக்குச் சீக்கிரம் போய்விடலாம். கார் இல்லாதவருக்குத்தான் சிரமம். ஹார்பர்ஃபிரண்ட் பக்கமிருந்து வரும் ஒற்றைத்தண்டவாள ரயில் கடற்கரை நிலையத்தோடு நின்றுவிடும், அங்கிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். உணவங்காடி நிலையமோ ஈரச்சந்தையோ பக்கத்தில் கிடையாது. வார இறுதியில் தீவின் உல்லாசத் தளங்களுக்கு வரும் கூட்டமும் குடியிருப்பவர்களும் ஒரே பாதையில்தான் தீவுக்குள் வர வேண்டும். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. மாலையில் கடல் ஓரமாக நடக்கிறவருக்கு இவை பெரிய குறையாகத் தெரியாது. ஆனால் அந்த நடைக்கு வீட்டுப் பத்திரம் தேவையில்லை.

கணக்கைப் பார்ப்போம். வெளிநாட்டவர் வீடு வாங்கினால் கட்ட வேண்டிய கூடுதல் முத்திரைத் தீர்வை 2011 டிசம்பரில் 10 விழுக்காடாகத் தொடங்கியது. 2013-இல் 15, 2018-இல் 20, 2021 டிசம்பரில் 30 என்று ஏறி, 2023 ஏப்ரலில் ஒரேயடியாக 60 ஆனது. ஒன்றரைக் கோடி சிங்கப்பூர் வெள்ளிக்கு ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் தீர்வை மட்டும் 90 லட்சம் வெள்ளி. எல்லோரும் கட்டும் வழக்கமான தீர்வை, முதல் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு 1 விழுக்காட்டில் தொடங்கி முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 6 விழுக்காடுவரை படிப்படியாக ஏறி, 8,39,600 வெள்ளி வருகிறது. ஆக, ஒன்றரைக் கோடி வீட்டுக்குக் கையைவிட்டுப் போவது ஏறக்குறைய 2 கோடியே 48 லட்சம். போட்ட பணம் திரும்ப வேண்டுமானால் வீட்டின் விலை 65 விழுக்காட்டுக்கு மேல் ஏற வேண்டும். அது வட்டியையும் பராமரிப்புச் செலவையும் சேர்க்காத கணக்கு. சாவியை வாங்கும் நாளிலேயே இவ்வளவு பின்தங்கி நிற்கிற முதலீட்டைச் சொத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நுழைவதைவிடக் கடினம் வெளியேறுவது. தரை வீடு வாங்கும் வெளிநாட்டவர் சிங்கப்பூர் நில ஆணையத்திடம் அனுமதி பெற வேண்டும், வீட்டில் தாமும் குடும்பத்தாருமே குடியிருக்க வேண்டும், வாடகைக்கு விடக் கூடாது. வேலை மாறி வேறு நாட்டுக்குப் போனால் வீடு பூட்டியே கிடக்கும். விற்கலாம் என்றால், யாருக்கு? இந்த இடம் வெளிநாட்டவரை நம்பிக் கட்டப்பட்டது; அந்த வெளிநாட்டவர்தான் இப்போது 60 விழுக்காட்டுச் சுவருக்கு அப்பால் நிற்கிறார். 2025 ஜூலை 4 முதல் வாங்கியவர் நான்கு ஆண்டுக்குள் விற்றால், முதல் ஆண்டில் 16 விழுக்காடு, பிறகு 12, 8, 4 என்று விற்பவரின் தீர்வையும் சேரும். தீர்வை இன்னும் பாதி உயரத்தில்கூட இல்லாத காலத்திலேயே, உச்ச விலையில் வாங்கிய சில அடுக்குமாடி வீடுகள் பல லட்சம் வெள்ளி நட்டத்தில் கைமாறின. தீவின் அழகு ஒரு துளியும் குறையாத காலத்தில்தான் அந்த நட்டம் வந்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். கோவ் வீடுகள் 99 ஆண்டுக் குத்தகையில்தானே இருக்கின்றன, சிங்கப்பூர்க் குடியிருப்பாளர்களில் பெரும்பாலோர் வசிக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளும் 99 ஆண்டுக் குத்தகைதானே, அவர்கள் வாங்கவில்லையா என்று கேட்பார்கள். குத்தகை ஒன்றுதான், அதன் பின்னால் நிற்கிற கூட்டம் வேறு. தேக்காவிலோ தோ பாயோவிலோ ஒரு வீட்டை விற்க வருகிறவர் முன்னால் ஆயிரக்கணக்கான குடிமக்களும் நிரந்தரவாசிகளும் நிற்கிறார்கள். பள்ளியும் சந்தையும் ரயில் நிலையமும் காலடியில் இருக்கின்றன. அந்த விலைகள் சரிந்தால் நாட்டின் பெரும்பாலான குடும்பங்களின் சேமிப்பு கரையும் என்பதால், எந்த அரசும் அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளும். கோவ் வீட்டு விலை விழுந்தால் அப்படிக் கவலைப்பட யாருமில்லை. குத்தகையோ இரண்டு இடத்திலும் ஒரே வேகத்தில் தேய்கிறது. நில ஆணையம் கையாளும், பாலா அட்டவணை என்று பேர்பெற்ற கணக்கின்படி, 60 ஆண்டு மீதமுள்ள நிலத்தின் மதிப்பு முழு உரிமை நிலத்தில் 80 விழுக்காடு, 30 ஆண்டுதான் மீதம் என்றால் 60 விழுக்காடு. 2004-இல் தொடங்கிய குத்தகை 2103-இல் முடியும். பேரப்பிள்ளைகளுக்காக என்று வாங்குகிறவர்கள் அந்த ஆண்டை ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும்.

காவலுள்ள வாயிலும் தேர்ந்தெடுத்த அண்டை அயலும் விலைமதிப்பற்றவை என்று சொல்பவர்களும் உண்டு. நள்ளிரவில் பெண்கள் தனியாக நடந்து வீடு திரும்பும் நகரம் சிங்கப்பூர். அங்கே பாதுகாப்பைத் தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டிய அவசியம் குறைவு. வாயில் காவலர் வண்டி எண்ணைப் பார்ப்பார். வீட்டுக்காரரின் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க அவருக்கு வழியில்லை. 2023 ஆகஸ்டில் பத்து வெளிநாட்டவர் கைதாகி, 300 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட சொத்துகள் சிக்கிய, கள்ளப்பணத்தை வெள்ளையாக்கிய வழக்கில் செந்தோசா கோவ் முகவரிகளும் இருந்தன.

சொந்த வீடு என்ற நிறைவை எண்ணிக்கையால் அளக்க முடியுமா என்பதுதான் எனக்குக் கடினமான கேள்வி. முடியாது. சுவரில் ஆணி அடிக்க யாரையும் கேட்க வேண்டாத நிம்மதிக்கு ஒரு மதிப்பு உண்டு. ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு அது இன்னும் அதிகம். ஆனால் ஒரே ஒரு வீடு, அதுவும் அனுமதியோடு, அதிலும் நாமேதான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வரும் உரிமையில் அந்த நிம்மதி எவ்வளவு தங்கும்? ஊரோடு ஒட்டுவது வேலையாலும் பிள்ளைகளின் பள்ளியாலும் கோயில், பள்ளிவாசல், தேவாலயத்தாலும் வருகிறது. கோவ் முகவரி அவற்றிலிருந்து ஒரு பாலம் தள்ளியே நம்மை வைக்கிறது.

விதிவிலக்கு உண்டு. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு முதல் வீட்டில் கூடுதல் தீர்வை கிடையாது. தடையற்ற வர்த்தக உடன்பாடுகளின்படி அமெரிக்கா, சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் நாட்டவருக்கும் அதே சலுகை. அவர்களில் கடலோரத்தில் நெடுங்காலம் வாழ நினைப்பவருக்கு, பிரதான தீவின் பெரும் பங்களாக்களோடு ஒப்பிட்டால் இங்கே விலை படியலாம். இந்தியக் கடவுச்சீட்டோடும் இலங்கைக் கடவுச்சீட்டோடும் வருகிறவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: அந்தத் தீவு பிடித்திருந்தால் இரண்டு ஆண்டு வாடகை ஒப்பந்தம் போட்டுக் குடியேறுங்கள். வாங்கினால் தீர்வையாகப் போகவிருந்த அந்த 98 லட்சம் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.